எதிர்க்கட்சி வீட்டு இன்வெர்ட்டர்

போன வாரம் மகள் கேட்டாள் என்று யோகா விரிப்பு ஒன்று வாங்கினேன். புனேயில், வாகட்டில் எங்கள் அடுக்ககத்துக்குப் பொருள் கொண்டுவருகிறவர் கதவடியில் வைத்து, அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். முகம்கூடப் பார்க்க முடியாது. சுருளைப் பிரித்ததும் வீடு முழுக்கப் புது ரப்பர் வாசனை. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். நான் தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். “என்னம்மா, ஏன் சிரிக்கிற?” என்கிறாள். இப்படி ஒரு விரிப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்த்தான் உன் அம்மா இடதுசாரி ஆனாள் என்று ஏழு வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ஈரோட்டிலிருந்து வேலைக்கு வந்த புதிது. மென்பொருளைச் சோதிக்கிற வேலை. அடுத்தவர் எழுதியதில் தப்பு கண்டுபிடித்தால் சம்பளம் என்று அப்பாவுக்கு விளக்கியிருந்தேன். “அதுக்கு புனே வரைக்கும் போகணுமா, உங்கம்மா இங்கயே செய்யறாளே” என்றார். தங்கியது விஷ்ராந்த்வாடியில், ஐந்து பெண்களுக்கு ஒரு கண்ணாடி என்ற கணக்கில் நடந்த ஒரு விடுதியில். ஆபீஸ் பேருந்துக்காக நிற்கும் இடத்துக்கு எதிர்ச்சுவரில் ஒருநாள் கையால் எழுதிய அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஹிந்திப் பரீட்சை எழுதிய புண்ணியத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்யாஸ் வர்க். ஞாயிறு காலை எட்டு மணி. மாவு மில் மாடி. அனைவரும் வரலாம்.

என் தமிழ் மூளை என்ன செய்யும், சொல்லுங்கள். அப்யாஸ் என்றால் அப்பியாசம். அப்பியாசம் என்றால் தேகாப்பியாசம். வடா பாவ் தின்று தின்று ஊரிலிருந்து கொண்டுவந்த சுடிதாரெல்லாம் இடுப்பில் மூச்சு முட்டிக்கொண்டிருந்த சமயம். இலவசமாக உடம்பு குறைகிறதென்றால் கசக்குமா? சனிக்கிழமையே போய் ஒரு விரிப்பு வாங்கிவிட்டேன்.

மராத்தியில் அப்யாஸ் என்றால் படிப்பு. அப்யாஸ் வர்க் என்றால் படிப்பு வகுப்பு. அரசியல் படிக்கிறவர்கள் கூடும் இடம். எனக்குத் தெரியாதே. மாடிக்குப் போனால் ஏழெட்டுப் பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று மனசு நிறைந்தது. ஒருவர் ஹிந்தியில் ஏதோ எண்ணெய், எண்ணெய் என்று பேசிக்கொண்டிருந்தார். எண்ணெயைக் குறைக்கச் சொல்கிறார் போல, நியாயம்தானே என்று நடுவில் விரிப்பை விரித்தேன். பத்மாசனம் போட்டேன். கண்ணை மூடினேன்.

நல்ல மனிதர்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்களாம். அப்போதுதான் கீழே மில் ஓட ஆரம்பித்தது. தரை மொத்தமும் கிடுகிடுவென்று ஆடியது. “அய்யோ அம்மா, நெலநடுக்கமுங்கோ!” என்று எழுந்து கதவுப் பக்கம் ஓடினேன். என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியது ஒரு பெண் கை.

“ஏ பிள்ளே, நீ தமிழாட்டி? பயப்படாதே, கோதும தான் அரைக்குதான்.”

அதுதான் செண்பகம் அக்கா. நாற்பதைத் தாண்டிய வயது, வங்கியில் எழுத்தர் வேலை, ஊழியர் சங்கத்தில் பொறுப்பு. பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்து இருபது வருஷம் ஆகியும் தமிழில் ‘சொல்லுதேன், பாக்குதேன்’ மாறவில்லை. கூடவே ‘அச்சா’வும் ‘பஸ் பஸ்’ஸும் சேர்ந்துவிட்டன. அந்த ஊருக்கு வந்து இரண்டு மாதத்தில் என் ஊர்க்காரர்கள் யாருடனும் நேரில் தமிழ் பேசியிராத எனக்கு, அந்த ஒரு ‘தமிழாட்டி’யில் கண்ணீர் வந்துவிட்டது. அரசியல் புரிந்தா சேர்ந்தேன்? அக்கா மறு வாரம் இட்லி கொண்டுவருவதாகச் சொன்னார். அதனால் சேர்ந்தேன்.

அந்த மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில் ஓடும்போது பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. எனவே உலக விவகாரம், நாட்டு அரசியல், மின்சாரக் கொள்கை எல்லாமே ஒருவருடைய கோதுமைக்கும் அடுத்தவருடைய கம்புக்கும் இடையில் கிடைக்கும் சிறு இடைவெளிகளில்தான் நடக்கும். ஒரு பாலைவன நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அக்கா எழுந்து, “குண்டு போடுதவன் ஏன் எப்பமும் எண்ணெ இருக்குற ஊராப் பாத்துப் போடுதான்? எங்க ஊர்ல முருங்கதான் காய்க்கி, ஒருத்தனாவது ஜனநாயகம் தாரேன்னு வந்திருக்கானா?” என்று ஹிந்தியில் கேட்டு, என் பக்கம் திரும்பித் தமிழிலும் கேட்டு முடிப்பதற்குள் கீழே யாராவது சோளத்தைக் கொட்டிவிடுவார்கள். பதில் சொல்ல நினைத்தவர் வாயை மூடிக்கொண்டு கால் மணி நேரம் காத்திருப்பார். அதற்குள் அவருக்கே கோபம் தணிந்துவிடும். உலக சமாதானத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்லை.

மின்வெட்டு வந்தால் மில் நிற்கும். அன்றைக்கு விவாதம் களைகட்டும். மின்வெட்டை எதிர்த்துத் துண்டறிக்கை அடிக்கிற நாங்கள், உள்ளுக்குள் மின்வெட்டுக்காக ஏங்கினோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. வெளியே வரும்போது எல்லோர் தலையிலும் மாவு. திங்கட்கிழமை என் குழுத் தலைவர், “உனக்கு இந்த வயசிலேயே நரையா?” என்று அக்கறையாகக் கேட்டார்.

அங்கே வந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் தத்தா. மின்கம்பம் ஏறுகிற ஒப்பந்தத் தொழிலாளி. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். என்னைத் ‘தாயி’ என்பார். மராத்தியில் அது அக்காவைக் கூப்பிடுவது. ஊரில் அப்பத்தாக்களை அப்படிக் கூப்பிட்டுப் பழகிய எனக்கு முதலில் உடம்பு கூசியது. புத்தகம் படித்துவிட்டு வருகிறவர்கள் நடுவில் தத்தாதான் கம்பியைத் தொட்டுவிட்டு வருகிறவர். ஒருமுறை கல்லூரி மாணவர் ஒருவர், பூமி சூடாகிறது, நிலக்கரிச் சுரங்கங்களையெல்லாம் நாளைக்கே மூட வேண்டும் என்று ஆவேசமாகப் பேசினார். தத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மூடுங்க. என் மச்சான் சுரங்கத்துல இருக்கான். நாளன்னைக்கி அவன் எங்க போகணும்னு அந்த அறிக்கையிலயே ரெண்டு வரி சேத்துடுங்க” என்றார். மில் ஓடாமலேயே அறை அமைதியாகிவிட்டது. சூரியனும் காற்றும் வரட்டும், ஆனால் சுரங்கத்தில் கரியான முகத்தை நடுத்தெருவில் விட்டுவிட்டு வரக் கூடாது என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது. இன்றைக்கும் என் கருத்து அதுதான்.

ஞாயிறு மதியச் சாப்பாடு பெரும்பாலும் அக்கா வீட்டில். மில்லிலிருந்து ஐந்து நிமிடம், முதல் மாடி. முதல் தடவை போனபோது கதவைத் திறந்தவர் அக்காவின் கணவர் சிவராமன் சார். பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகத்தில் வேலை. பனியன் போட்டுக்கொண்டு, நெற்றியில் பளிச்சென்று விபூதியோடு நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். மாவைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

“வாம்மா. உன்னையும் கெடுத்துட்டாளா?”

சார் அரசாங்கக் கட்சி. அந்த அரசாங்கம் மட்டுமல்ல, எந்த அரசாங்கம் வந்தாலும் நாடு முன்னேற வேண்டுமானால் தனியார் வர வேண்டும், கட்டுப்பாடு வேண்டும், சங்கம் கிங்கமெல்லாம் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைப்பவர். அக்கா அதற்கு நேர் எதிர். சாம்பார் ஊற்றும்போது ஆரம்பிக்கும்.

“நஷ்டத்துல ஓடுத கரண்டாபீச யாராச்சும் லாபத்துல ஓட்டுதேன்னு வந்தா உனக்கு ஏன் எரியுது?”

“நஷ்டத்துல ஓடுத தெருவ விட்டுப்புட்டு, மால் இருக்குற தெருவ மட்டும் எடுத்துக்கிடுதான்லா, அதான் எரியுது.”

“எல்லாத்துக்கும் சந்தேகம்.”

“உங்களுக்கு எல்லாத்துக்கும் நம்பிக்க. ரசம் வேணுமா?”

“ஊத்து.”

ரசம் வந்ததும் ஒரு நிமிடம் போர்நிறுத்தம். பிறகு மோர் வரைக்கும் மீண்டும் சண்டை. எனக்கு முதலில் பயமாக இருந்தது. எங்கள் வீட்டில் அப்பா குரலை உயர்த்தினால் அம்மா அடுப்படிக்குள் போய்விடுவார். இங்கே அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வருவார். இரண்டு பேரும் கத்திக் கத்தி முகம் சிவந்து, கை கழுவும்போது சார் அக்காவுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பார். இப்படியும் குடும்பம் நடத்தலாமா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பிற்பாடு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வியே ‘உங்களுக்கு அரசியல் பேசத் தெரியுமா’ என்பதுதான். மூன்று பேர் காப்பியோடு எழுந்து போனார்கள்.

அந்த வருஷம்தான் எங்கள் பகுதியின் மின்விநியோகத்தை ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுக்கப் போவதாகப் பேச்சு வந்தது. நாங்கள் சும்மா இருப்போமா? தெருமுனைக் கூட்டம் போடுவதென்று முடிவாயிற்று. இடம், அக்கா வீட்டுக்குக் கீழே இருக்கும் முச்சந்தி. சனிக்கிழமை மாலை ஆறரை மணி. பேச்சாளர் பட்டியலில் தத்தா பெயரும் இருந்தது. கம்பம் ஏறுகிற ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு ஒழுங்கான கையுறை கொடுப்பதில்லை, ஒரு ஜோடியை நான்கு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள், அதைப் பற்றி அவர் பேசுவதாக ஏற்பாடு. அவருடைய ஒப்பந்தக்காரர் முன்கூட்டியே ஆள் விட்டுச் சொல்லிவிட்டார், மேடை ஏறினால் வேலை இருக்காது என்று. தத்தாவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகி ஆறு மாதம். “பரவாயில்ல தாயி, மேடை ஒண்ணும் கம்பத்த விட உசரமில்ல” என்றார்.

ஐந்து நிமிடம் நானும் பேச வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். ஹிந்தியில். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் ஒத்திகை. கண்ணாடிக்குக் காத்திருந்த மற்ற நான்கு பெண்களும் என் பேச்சை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை நல்ல கூட்டம். காய்கறி வாங்க வந்தவர்கள், பேருந்துக்கு நின்றவர்கள், மில் முதலாளி, வடா பாவ் கடைக்காரர். கடைசி வரிசையில் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர், கையில் செல்போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டு. மேலே பால்கனியில் சிவராமன் சார், நாற்காலி போட்டு, எங்களை மறுப்பதற்காகவே கவனமாகக் கேட்டுக்கொண்டு.

நான் மைக்கைப் பிடித்தேன். ஹிந்தியில் மின்சாரம் பெண்பால் என்று எந்தப் பரீட்சையிலும் எனக்குப் படிந்ததில்லை. “நாளைக்குத் தனியார் வந்தபிறகு ஒருநாள் மின்சாரம் போய்விட்டால்” என்று கேட்க நினைத்து, “பிஜ்லி சலா ஜாயேகா தோ?” என்றேன்.

மின்சாரத்தை ஆணாக்கிவிட்டேன். கூட்டமே ஒரே குரலில் திருத்தியது. “சலீ ஜாயேகீ!”

அந்தக் கணமே, கேட்டுக்கொண்டிருந்தது போல, போய்விட்டது.

தெருவிளக்கு, கடை விளக்கு, மைக் எல்லாம் அவுட். உடனே “லைட் கேலீ!” என்று நூறு குரல். ‘விளக்கு போச்சு’ என்பதற்கு மராத்தியில் அப்படித்தான் சொல்வார்கள். என் காதில் விழுந்தது தமிழ்க் ‘கேலி’தான். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், விளக்கும் சேர்ந்து கேலி செய்கிறது. எனக்கு வந்ததே ஆவேசம். “இது சதி! திட்டமிட்ட சதி!” என்று மைக் இல்லாமலேயே கத்தினேன். தத்தா என் துப்பட்டாவை மெல்ல இழுத்தார்.

“சதி இல்ல தாயி. அந்த மூணாவது கம்பத்துல ஜம்பர் கம்பி போயிருக்கும். காலையிலேருந்தே பொறி அடிச்சிக்கிட்டிருந்துச்சு. சொன்னேன், யாரும் கேக்கல.”

அவருக்கு அன்று விடுமுறை. வேலை நேரத்து ஆள் எங்கோ தொலைவில் இன்னொரு பழுதில் மாட்டிக்கொண்டிருந்தார். தத்தா துணைமின்நிலையத்துக்குப் போன் போட்டார். லைனை அணைத்துவிட்டதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். மேடையிலிருந்து குதித்து, சைக்கிளில் இருந்த பையிலிருந்து கையுறையையும் இடுப்பு வாரையும் எடுத்தார். எல்லோருடைய கண்ணும் அவர் பின்னாலேயே போனது. எங்கள் கூட்டம் அப்படியே நூறடி நகர்ந்து கம்பத்தடிக்குப் போய்விட்டது.

அக்கா தவித்தார். “ஆளுக கலைஞ்சிட்டாவன்னா போச்சே!” அப்போது மேலேயிருந்து குரல்.

“ஏ செண்பகம்! ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு. நான் எப்படிப் பதில் சொல்ல?”

“மைக்குக்குக் கரண்ட் இல்லங்க!”

அவர் உள்ளே போனார். பிறகு பால்கனியிலிருந்து ஒரு நீண்ட வயர் பாம்பு போலத் தொங்கியது. சார் வீட்டு இன்வெர்ட்டர். அன்றைக்குத் தொலைக்காட்சியில் அவருக்குப் பிடித்த ஏழு மணி விவாதம் வேறு. டிவியை அணைத்து, ஃபேனை அணைத்து, இருட்டில் வியர்வையோடு நின்றுகொண்டு எங்களுக்கு அனுப்பினார்.

“கரண்ட் மட்டுந்தான் தாரேன். ஆதரவு தரல. அத மைக்குலயே சொல்லிடு!”

அக்கா உடனே மைக்கில் ஹிந்தியிலும் தமிழிலும் அறிவித்தார். “இந்த மைக்குக்கு மின்சாரம் தந்த எதிர்க்கட்சிக்கு நன்றி.” தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. சார் பால்கனியில் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தார். ஆனால் நான் பார்த்தேன், மீசைக்குள் சிரிப்பு இருந்தது.

தத்தா கம்பத்தில் ஏறினார். கூட்டம் செல்போன் விளக்குகளை உயர்த்திப் பிடித்தது. அரசியல் கூட்டத்தில் அவ்வளவு அமைதியை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. வலது கைக் கையுறையில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. கீழேயிருந்து எல்லோரும் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். லைன் அணைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து தப்பான வழியில் மின்சாரம் திரும்பி வந்தே ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்று மாடியில் அவரே சொல்லியிருக்கிறார். முதலில் ஒரு கம்பியை எறிந்து பூமியோடு இணைத்தார். முறுக்கினார், வெட்டினார், கட்டினார். இறங்கினார். போன் செய்தார்.

“லைட் ஆலீ!” தெருவிளக்கு எரிந்தது.

அப்படி ஒரு கைதட்டல். வடா பாவ் கடைக்காரர் சுடச்சுட ஒரு தட்டை அவர் கையில் திணித்தார். தத்தா அதைப் பிடித்துக்கொண்டே மேடைக்கு வந்து மைக் முன்னால் நின்றார். ஒரு வாரமாகத் தயார் செய்த பேச்சு மறந்துபோயிருக்க வேண்டும். கையுறையைக் கழற்றி, ஓட்டையில் விரலை விட்டு ஆட்டிக் காட்டினார்.

“இதப் போட்டுக்கிட்டுத்தான் இப்ப ஏறினேன். நீங்க பாத்தீங்க. அவ்வளவுதான்.”

நான் என் வாழ்நாளில் கேட்ட சிறந்த பேச்சு அதுதான். கடைசி வரிசையில் செல்போன் படம் பிடித்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை தத்தாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா வங்கியிலிருந்து எனக்குப் போன் செய்து சொன்னார். சாயங்காலம் ஓடினேன். அக்கா சாப்பாட்டு மேசையில் தாளை வைத்துக்கொண்டு மனு எழுதிக்கொண்டிருந்தார். முதல் வரியிலேயே மூன்று ‘சுரண்டல்’. சார் அலுவலகத்திலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

“இத எழுதிக் குடுத்தா அவன குப்பைத் தொட்டிலதான் வேலைக்கு வைப்பாங்க. தள்ளு.”

உட்கார்ந்துவிட்டார். “சார், நீங்க இதுக்கு எதிர்க்கட்சியாச்சேங்க?” என்றேன்.

“அதுக்கு? அவன் ஏறி என் வீட்டுக்கு விளக்கு போட்டான்மா. கையில ஓட்டையோட. கட்சி கேட்டா ஏறினான்?”

இருபது வருஷமாக அடுத்தவர் கோப்புகளில் ஆட்சேபம் எழுதி உரமேறிய கை அது. விடுமுறை நாளில் பொதுமக்கள் சேவைக்காகத் தாமாக முன்வந்து பழுது நீக்கிய தொழிலாளி. உரிய பாதுகாப்புச் சாதனம் வழங்கப்படாதது விதிமுறைக்குப் புறம்பானது. பகுதிவாசிகள் அனைவரும் நேரில் கண்ட சாட்சிகள். கையுறை வழங்கிய பதிவேட்டின் நகலைக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். கடைசி வரியைப் படித்ததும் அக்கா எழுந்து சாரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாண ஆல்பத்தில்கூட அது இல்லை. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“ஒரே ஒரு சுரண்டல் போடுங்களேன்.”

“முடியாது.”

“கடைசில, சின்னதா.”

“செண்பகம், இது மனு. உன் மாவு மில்லு இல்ல.”

நான் தட்டச்சு செய்தேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் வீடு வீடாகப் போனோம். அக்கா ஒரு பக்கத் தெரு, சார் எதிர்ப்பக்கத் தெரு. ஆளுங்கட்சிக் கொடி கட்டிய வீடுகளில் சார் போனால்தான் கதவு திறக்கும் என்று அவராகவே அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டார். ஒருவர், “நீங்க எப்போ அந்தப் பக்கம் போனீங்க?” என்று கேட்டாராம். “நான் எங்கயும் போகல, கையெழுத்தப் போடுய்யா” என்றாராம் சார். மில் முதலாளியின் கையெழுத்தில் மாவு விரல் ரேகை பதிந்திருந்தது. எங்கள் விடுதிப் பெண்கள் நால்வரும் போட்டார்கள். ஒருத்தி என் பேச்சின் முதல் பத்தியைச் சொல்லிக்கொண்டே போட்டாள்.

மின்அலுவலகத்துக்குப் போன அன்று நாற்பது பேருக்கு மேல் இருப்போம். கோஷம் போடக் கூடாது என்பது சாரின் நிபந்தனை. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். பொறியாளர் மனுவைப் படித்தார். பதிவேடு என்ற வார்த்தை வந்த இடத்தில் நின்றார். மறுபடி படித்தார். ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டு மராத்தியில் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “அவசரமில்ல, நாங்க காத்திருக்கோம். பதிவேடு இல்லைன்னா இல்லைன்னு எழுதிக் குடுத்தாப் போதும்” என்றார்.

மனு கொடுத்த நான்காம் நாள் தத்தாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவருடைய குழுவில் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஜோடிப் புதுக் கையுறையும் வந்தது. தத்தா அதைப் போட்டுக்கொண்டே மாடிக்கு வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். கழற்றவே மாட்டேன் என்று அதோடேயே மிசல் சாப்பிடப் பார்த்தார். அக்கா சாரையும் அன்று மில் மாடிக்கு இழுத்து வந்திருந்தார். சார் ஓரத்தில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்திருந்தார். யாரோ அவரைத் ‘தோழர்’ என்று சொல்லிவிட, “ஏய், அதெல்லாம் வேண்டாம்” என்று பதறி எழுந்தார். கீழே மில் ஓட ஆரம்பித்தது. என்ன திட்டினார் என்று யாருக்கும் கேட்கவில்லை. நாங்கள் சிரித்த சிரிப்பும் யாருக்கும் கேட்டிருக்காது.

விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுக்கும் பேச்சு அப்போதைக்கு அடங்கியது. எங்கள் கூட்டத்தால்தான் என்று நாங்கள் பல காலம் சொல்லிக்கொண்டோம். இப்போது மீண்டும் வேறு பெயரில் வந்திருக்கிறது. மாவு மில் இருந்த இடத்தில் பதினொரு மாடி. தத்தா நாசிக் பக்கம் போய்விட்டார். எங்கள் வாகட் அடுக்ககத்தின் வாட்ஸாப் குழுவில் முதல் விதியே ‘அரசியல் கூடாது’ என்பது. குழந்தைகள் மீது குண்டு விழுகிற செய்தி ஒன்றை ஒருமுறை பகிர்ந்தேன். கண்டிக்கவில்லை, வாதாடவில்லை, என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதை இப்போது பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

இரண்டு நாள் முன்னால் அக்காவைப் பார்க்க வானவடிக்குப் போனேன். பழைய வீட்டை விட்டு இப்போது மகனோடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறார்கள். இருவரும் ஓய்வுபெற்றாயிற்று. கூடத்தில் சார் ஒரு மூலையில் காதில் ஒயர் மாட்டி அவருடைய செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா இன்னொரு மூலையில், காதில் ஒயர் மாட்டி, தன்னுடைய செய்தியை. வீடு அவ்வளவு அமைதி. எனக்குப் பொறுக்கவில்லை. வேண்டுமென்றே ஆரம்பித்தேன். “ஏனுங்க சார், மொட்டைமாடி சோலாரெல்லாம் பெரிய கம்பெனி கைக்குப் போகுதுன்னு அக்கா சொல்றாங்களே, நெசமுங்களா?”

சார் ஒரு பக்க ஒயரைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். இதமாகச் சிரித்தார்.

“அவ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்.”

ஒயரைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். “இப்படித்தாட்டி. ஒரு வருசமா இப்படித்தான். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. ‘சரிம்மா, சரிம்மா’ங்காவ. நான் சொல்லுதது சரின்னு ஒரு தடவ சொல்ல மாட்டாவளான்னு முப்பது வருசமா ஏங்கினேன். இப்பம் கேக்கச் சகிக்கல.”

வழியனுப்ப அக்கா கூட வந்தார். லிஃப்ட் கதவு மூடியதும், “அந்தப் பழைய அவுக இருந்தா இப்பம் என்ன சொல்லிருப்பாவ தெரியுமா?” என்று ஆரம்பித்தார். சாரின் குரலிலேயே, கையைக் கட்டிக்கொண்டு. கம்பெனி வந்தால்தான் விலை குறையும், அரசாங்கத்தால் எத்தனை மாடிக்கு ஏற முடியும், உனக்கு எல்லாத்துக்கும் சந்தேகம். ஒவ்வொரு வாதமாக எடுத்து வைத்தார். சாரே அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டார். பிறகு குரலை மாற்றி, சூரியனுக்கு எவன் பட்டா போட்டுக் கொடுத்தான் என்று தானே பதிலும் சொன்னார். கண் மின்னியது, முகம் சிவந்தது, நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

தரைத்தளம் வந்து கதவு திறந்தது. சாரின் வாதம் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அக்கா கை நீட்டி ஒன்பதை அழுத்தினார்.